டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு: கோலம், குடம், கமோடு

கீழ்முதுகில் ஜவ்வு பிதுங்கி, மாத்திரைக்கும் ஓய்வுக்கும் அடங்காமல் ஆபரேஷன் வரை போனவர்களிடம் ‘வீடு திரும்பிய பிறகு என்ன சந்தேகம்?’ என்று கேட்டிருந்தோம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து பதில் தருகிறார்கள். சிறு கீறல் வழியாகப் பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் மைக்ரோ டிஸ்கெக்டமி செய்தவர்களுக்கே இந்தப் பதில்கள். ஸ்க்ரூ, ராடு வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு. உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அந்தத் தாள் சொல்வதுதான் முடிவு.

என் கணவருக்கு 44 வயது. எல்5–எஸ்1 ஜவ்வு ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். கண் விழித்தபோதே கால் வலி போய்விட்டது. நேற்று குனிந்து மோட்டார் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். கேட்டால் “வலியே இல்லை, அப்புறம் என்ன?” என்கிறார். அவருக்கு உறைக்கிற மாதிரி சொல்லுங்களேன்.
– வாசகி, மஞ்சக்குப்பம்

வலி இருக்கிறவர் தானாகவே அடங்கி இருப்பார். வலி போனவரைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை.

ஜவ்வு என்று நாம் சொல்வது இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு. எல்5–எஸ்1 என்பது எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் ஜவ்வு. வெளியே டயர் மாதிரி பல அடுக்கு நார் வளையம், உள்ளே கூழ் போன்ற பொருள். வளையம் கிழிந்து உள்ளே இருப்பது பின்பக்கமாக வெளியே வந்து நரம்பின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. ஆபரேஷனில் எடுக்கும் துண்டைப் பார்த்தால், நண்டுக்காலை உடைத்தால் வருமே வெள்ளைச் சதை, கிட்டத்தட்ட அது போல இருக்கும். அதை எடுத்ததும் நரம்பு விடுதலையாகிறது, கால் வலி அன்றைக்கே போகிறது. ஆனால் அது வெளியே வந்த ஓட்டை அங்கேயே இருக்கிறது. பெரும்பாலும் அதைத் தைப்பதில்லை. தழும்புத் திசு வளர்ந்துதான் அதை மூட வேண்டும். உள்ளே இன்னும் கூழ் பாக்கி இருக்கிறது.

மேல்தோல் தையல் 10 முதல் 14 நாளில் ஆறிவிடும். உள்வளையம் அப்படி ஆறாது. வளர்ந்தவர்களின் ஜவ்வுக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அதனால் ஓட்டை ஓரளவு உறுதியாக மூட 6 வாரமாகும், சிலருக்கு 12 வாரம். சிகரெட் பிடிப்பவர் என்றால் அந்த ஊறலும் குறையும்.

குனியும்போது ஜவ்வின் முன்பக்கம் நசுங்கி, உள்ளே இருப்பது பின்பக்கம் தள்ளப்படுகிறது, அதாவது ஓட்டை இருக்கும் பக்கமே. குனிந்தபடி உடம்பைத் திருப்பினால் வளையத்தின் நார்கள் முறுக்கவும் படுகின்றன. வால்வு திருகுவது என்பது குனிதல், முறுக்குதல், எக்கிப் பிடித்தல் மூன்றும் ஒரே நேரத்தில். இந்த ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குவதுண்டு. முதல் சில மாதங்களில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

அதற்காக அவரைக் கட்டிலில் போட்டுப் பூட்டாதீர்கள். நாள் முழுக்கப் படுத்தால் தசை வற்றும், கெண்டைக்காலில் ரத்தம் உறையும், மலம் இறுகும். ஆறு வாரத்துக்குத் தடை மூன்றுதான்: குனியக் கூடாது, உடம்பை முறுக்கக் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நடக்கலாம், நிற்கலாம். உட்காருவது முதல் இரண்டு வாரம் ஒரு தடவைக்கு 20 நிமிடம். பிறகு ஓர் எட்டு நடந்துவிட்டு வந்து உட்காரட்டும்.

கட்டிலிலிருந்து எப்படி எழுகிறார் என்று நாளைக் காலை பாருங்கள். நேரே நிமிர்ந்து எழுந்தால் தவறு. வலப்பக்கம் இறங்குவதானால் முதலில் இரண்டு முழங்காலையும் மடக்க வேண்டும். பிறகு தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருளுவது போல வலப்பக்கம் புரள வேண்டும். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே வலது முழங்கையாலும் இடது உள்ளங்கையாலும் மெத்தையை அழுத்த வேண்டும். இறங்கும் காலின் எடையே மேல் உடம்பைத் தூக்கிவிடும், வயிறு எக்க வேண்டியதில்லை. படுப்பதற்கு இதையே திருப்பிச் செய்ய வேண்டும். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, ஒருக்களித்தால் இரு முழங்காலுக்கும் நடுவே ஒன்று. தும்மல் வந்தால் சுவரையோ மேஜையையோ ஒரு கையால் பிடித்து, நிமிர்ந்து நின்று தும்மட்டும். குனிந்து தும்மி மறுபடி ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் உண்டு.

வால்வை வீட்டில் வேறு யாராவது திருகட்டும்.

ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். மார்கழி பிறக்கப் போகிறது. கோலப்பொடி கால் கிலோகூட வராதே, குனிந்து போட்டால் என்ன? சமையலறையில் எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்றும் சொல்லுங்கள்.
– வாசகி, முத்தியால்பேட்டை

கோலப்பொடியின் எடையை விடுங்கள், உங்கள் எடையைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு இடுப்புக்கு மேலே தலை, கை, மார்பு எல்லாம் சேர்ந்து 30 கிலோவுக்கு மேல் வரும். காலை நேராக வைத்து, இடுப்பிலிருந்து மடங்கி, விரல் தரையைத் தொடும்போது அவ்வளவையும் முதுகுத்தண்டை ஒட்டிய தசைதான் இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசை தண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் தலையும் கையும் அரை மீட்டருக்கு அப்பால். ஏற்றக்கோலின் குட்டைப் பக்கத்தைப் பிடித்துத் தண்ணீர் இறைக்கிற கதைதான். கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கீழ் ஜவ்வின் மேல் உங்கள் உடல் எடையை விடப் பல மடங்கு அழுத்தம் ஏறும்.

அதைவிட மோசம், நேரம். இரவெல்லாம் படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. அதனால்தான் காலையில் அளந்தால் எல்லோருமே இரவில் இருந்ததைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்தில் அதில் பாதியளவு வடிந்துவிடும். உப்பிய ஜவ்வு விறைப்பாக இருக்கும். அப்போது குனிந்தால் வளையத்தின் பின்பக்க நார்களில் விழும் இழுவை பகலைவிடப் பல மடங்கு. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, உடனே குனிந்து ஐம்பது புள்ளி வைப்பது ஜவ்வுக்கு நாளிலேயே மோசமான நேரத்தில் மோசமான வேலை. முதுகு நல்லபடி இருப்பவர்களும் எழுந்து ஒரு மணி நேரம் கழித்துக் குனிவது நல்லது.

ஆகவே இந்த மார்கழியை மகளுக்கோ மருமகளுக்கோ விட்டுக்கொடுங்கள். நின்று மேற்பார்வை பார்க்கத் தடையில்லை. மூன்று மாதம் முடிந்த பிறகு, எழுந்து ஒரு மணி நேரம் நடமாடிவிட்டு, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக்கொண்டு சின்னக் கோலமாகப் போடலாம். எக்கி எட்டும் தூரத்துக்குக் கையை நீட்டாமல் நீங்களே நகர்ந்து உட்காருங்கள்.

சமையலறைக்கு வருவோம். இரண்டு கிலோ என்பது நான்கு அரை லிட்டர் பால் பாக்கெட். அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டால் அளவு மனதில் நின்றுவிடும். தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் குடம் 12 முதல் 15 கிலோ. குடிதண்ணீர் கேன் 20 லிட்டர். காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ நெருங்கும். இவை மூன்றும் மூன்று மாதத்துக்கு உங்கள் கணக்கில் இல்லை. சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்பார்கள். உருட்டுவதும் குனிந்து முறுக்குவதுதான்.

குடத்தைப் பிறகு தூக்க ஆரம்பிக்கும்போதும் இடுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் உடம்பு சாய்வு. அரைக் குடமாக இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள், இல்லையென்றால் இரு கையிலும் சம எடையாகச் சின்ன வாளி இரண்டு.

கிரைண்டர் தரையில் இருந்தால் ஒரு வலுவான மேடையில் ஏற்றி வையுங்கள், ஏற்றுவது நீங்கள் அல்ல. மாவை வழிக்க அதன் மேல் கவிழ்ந்துகொண்டிருக்கக் கூடாது. கல்லை வேறு யாராவது எடுத்துத் தரட்டும். நிற்கும்போது ஒரு காலை நாலைந்து அங்குல உயரப் பலகையில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாற்றினால் இடுப்பு இறுகாது. அரிவாள்மணை முன் குந்தி மீன் ஆய்வது மூன்று மாதம் வேண்டாம். சந்தையிலேயே வெட்டி, சுத்தம் செய்து வாங்கிவிடுங்கள். தென்னந்துடைப்பத்துக்கு நீளமான கழி கட்டிக்கொள்ளுங்கள். குளிக்கும் வாளியை ஒரு ஸ்டூல் மேல் வைக்கவில்லை என்றால், ஒரு குளியலுக்கு முப்பது தடவை சொம்போடு குனிகிறீர்கள் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான். புதிதாகக் கட்ட இப்போது வசதி இல்லை. மலச்சிக்கலும் இருக்கிறது.
– வாசகர், வில்லியனூர்

குந்தி உட்காரும்போது இடுப்பு முழுவதும் மடங்கி, கீழ்முதுகு வில்லாக வளைகிறது. அந்த நிலையில் முக்கவும் செய்தால் வயிற்றழுத்தம் அப்படியே ஜவ்வுக்குப் போகும். எழுந்திருப்பது இன்னொரு கண்டம். எட்டு வாரம் வரையாவது குந்தவே கூடாது.

புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. சர்ஜிக்கல் கடைகளில் நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலி கிடைக்கும். பீங்கானுக்கு நேர் மேலே நிறுத்தி உட்கார வேண்டியதுதான். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். உட்காரும் உயரம் 17, 18 அங்குலம் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரப் போகக் கூடாது. நான்கு காலிலும் ரப்பர் புஷ் இருக்க வேண்டும், இரும்புக் கால் ஈர டைல்ஸில் வழுக்கும். இரு பக்கமும் கைப்பிடி இருக்க வேண்டும். நாற்காலியின் இரண்டு கால் பீங்கானின் மேடையிலும் இரண்டு கால் தரையிலும் நின்றால் ஆடும். கடைக்குப் போகுமுன் அகலத்தை அளந்துகொண்டு போங்கள்.

கழுவுவதற்குத் திரும்பி, முறுக்கி, கீழே சொம்பைத் தேடுவது பலர் கவனிக்காத தவறு. சொம்பை உங்கள் இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டூலில் வையுங்கள். குழாயில் ஹேண்ட் ஷவர் மாட்டினால் இன்னும் நல்லது, பிளம்பருக்கு அரை மணி நேர வேலை.

மலச்சிக்கலுக்கு முக்கியக் காரணம் டிராமடால் மாதிரி வலி மாத்திரை. அதோடு படுக்கை, குறைந்த தண்ணீர். இரவு இரண்டு டீஸ்பூன் இசப்கோலை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்த உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இல்லாமல் இசப்கோல் சாப்பிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். கீரை, கொய்யா, பப்பாளி சேருங்கள். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்து தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவை மீறாதீர்கள். மூன்று நாள் போகவில்லை என்றால் முக்கிக்கொண்டு உட்காராமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள், குடிக்கும் மருந்தே போதும்.

வலி போய்விட்டது. ஆனால் பாதத்தின் மேல்பகுதி மரத்தே இருக்கிறது. நடக்கும்போது இடது கால் செருப்பு தானாகக் கழன்று விழுகிறது. இரண்டு மாதமாகிறது. நரம்பு செத்துவிட்டதா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

செத்துவிட்டது என்று சொல்வதற்கு இரண்டு மாதம் போதாது. பொதுவாக முதலில் போவது வலி, அடுத்து திரும்புவது பலம், கடைசியில் உணர்ச்சி. நசுங்கி மட்டும் இருந்த நரம்பு வாரக்கணக்கில் விழித்துக்கொள்ளும். உள்ளிருக்கும் இழை சேதமாகியிருந்தால் அது புதிதாக வளர வேண்டும், நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில். ஒன்றரை வருடம் வரைகூட முன்னேற்றம் வரலாம். ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு நாள் அழுந்திக் கிடந்தது என்பதைப் பொறுத்தது அது. சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாக மிஞ்சுவதும் உண்டு.

செருப்பு கழன்று விழுவதுதான் இதில் முக்கியம். பெருவிரலையும் பாதத்தையும் மேலே தூக்குவது எல்5 நரம்பு. அது சோர்ந்தால் ஹவாய் செருப்பைப் பிடித்துக்கொள்ள முடியாது. வாரம் ஒருமுறை, மேஜையைப் பிடித்துக்கொண்டு, குதிகாலால் மட்டும் பத்து அடி நடந்து பாருங்கள், பிறகு ஒற்றைக் காலில் நுனிவிரலில் பத்து முறை எழும்பிப் பாருங்கள். முதலாவது எல்5 நரம்பின் பலத்தைக் காட்டும், இரண்டாவது அதற்கு அடுத்த எஸ்1 நரம்பின் பலத்தை. எத்தனை முடிந்தது என்று தேதியோடு காலண்டரிலேயே எழுதி வையுங்கள். ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்பதைவிட ‘போன வாரம் மூன்று, இந்த வாரம் ஆறு’ என்பது டாக்டருக்குப் பயன்படும். எண்ணிக்கை இறங்கினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

அதுவரை பின்பட்டை உள்ள சாண்டல் போடுங்கள். வாசல் மிதியடியையும் சுருண்டு கிடக்கும் பாயையும் எடுத்துவிடுங்கள், தடுக்கி விழுவது அதில்தான். பாதம் தொங்கினால் பாதத்தைத் தாங்கும் ஸ்பிளிண்ட் ஒன்று இருக்கிறது, பிசியோதெரபிஸ்டிடம் அளவெடுத்து வாங்குங்கள். மரத்த பாதத்தில் வெந்நீர்ப் பை வைக்கவே வேண்டாம், தோல் வெந்தாலும் தெரியாது. சர்க்கரை இருந்தால் இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

‘நரம்புச் சத்து ஊசி’ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பி12 குறைவாக இருந்தால் அவசியம் போட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்குக் குறைய வாய்ப்பு உண்டு. ரத்தத்தில் அளவு சரியாக இருப்பவருக்கு அந்த ஊசி நரம்பை வேகமாக வளர்த்துவிடாது.

இரண்டு வாரம் அருமையாக இருந்தேன். பதினாறாம் நாள் மறுபடி பின்தொடையில் வலி. ஆபரேஷன் தோற்றுவிட்டதா?
– வாசகர், பண்ருட்டி

பெரும்பாலும் இல்லை. பலருக்கு ஆபரேஷனின்போது நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு விடுவார்கள். அதன் வேலை முடிந்ததும், புண் ஆறும் வீக்கத்தால் நரம்பு கொஞ்சம் முனகும். இந்த வலி ஏறி இறங்கும். அதிகம் நடந்த நாளில் கூடும், ஓய்வெடுத்தால் குறையும், பழைய வலியின் பாதிகூட இருக்காது. சில நாளில் தானே அடங்கும். நடையைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

மறுபடி பிதுங்கினால் வரும் வலி வேறு விதம். ‘குனிந்தேன், சுரீரென்றது’ என்று நேரம் சொல்லும்படி வரும். இருமினால், தும்மினால் மின்னல் போலக் காலுக்குள் ஓடும். மல்லாந்து படுத்து மற்றவர் உங்கள் காலை நேராகத் தூக்கினால் கொஞ்சத்திலேயே உயிர் போகும். அப்படியானால் காட்டுங்கள்.

எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். முதல் ஆறு வாரத்துக்குள் எடுத்த படத்தில் வீங்கிய திசு, பார்ப்பதற்கு ஆபரேஷனுக்கு முந்தைய படம் மாதிரியே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய் ஊர் ஊராக டாக்டரை மாற்றுகிறவர்கள் உண்டு. எடுத்தே ஆக வேண்டும் என்றால் காண்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுப்பார்கள். தழும்பு பளிச்சென்று தெரியும், புதிதாகப் பிதுங்கிய துண்டு அப்படிப் பளிச்சிடாது, அப்படித்தான் பிரிப்பது.

நரம்பு வலிக்குக் கொடுத்த பிரீகாபலின் மாத்திரையை வலி போனதால் நானே நிறுத்திவிட்டேன். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, வியர்க்கிறது.
– வாசகி, பாகூர்

சட்டென்று நிறுத்தியதால்தான். மறுபடி தொடங்கி, டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், குறைந்தது ஒரு வாரத்துக்கு மேல். கேபாபென்டினுக்கும் இதே விதி. பாராசிட்டமாலை அப்படியே நிறுத்தலாம். அதைத் தனியாகவும் சேர்க்கை மாத்திரையிலும் இரண்டு தடவை விழுங்காமல் பட்டைக்குப் பின்னால் பெயரைப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறிக்கு நள்ளிரவிலும் ஓட வேண்டும்? எதற்கு விடியும் வரை பொறுக்கலாம்?
– வாசகர், லாஸ்பேட்டை

சிறுநீர் முட்டியும் வரவில்லை, அல்லது தெரியாமல் கசிகிறது. சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுக்க மரத்துவிட்டது, கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியவில்லை. மலம் கட்டுப்படவில்லை. இரண்டு காலும் பலமிழக்கின்றன. இவற்றில் ஒன்று வந்தாலும் மணிக்கணக்குதான். கீழ் நரம்புக் கொத்தே நசுங்குகிறது என்று பொருள். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் அழுத்தத்தை எடுக்காவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். 108-ஐக் கூப்பிட்டு, எம்ஆர்ஐயும் முதுகுத்தண்டு ஆபரேஷனும் உள்ள இடத்துக்குப் போங்கள். கோரிமேடு ஜிப்மருக்குப் போவதானால் புறநோயாளிச் சீட்டு வரிசையில் நிற்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்கு. ‘டிஸ்க் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, சிறுநீர் வரவில்லை’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முதுகு வலி என்று தொடங்கினால் காத்திருக்கச் சொல்லிவிடலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அன்றே காட்டுங்கள். கூடவே மூச்சு வாங்கினால் உடனே ஓடுங்கள், உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

விடிந்ததும் போன் செய்ய வேண்டியவை: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ் அல்லது சிவப்பு பரவுதல், கட்டு தெளிந்த தண்ணீரால் நனைதல். உட்கார்ந்தால் தலை பிளக்கிறது, படுத்தால் போய்விடுகிறது என்றால் நரம்பைச் சுற்றியுள்ள நீர் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். போன் கிடைக்கும் வரை தட்டையாகப் படுத்திருங்கள்.

இன்னொன்று தாமதமாக வரும். முதுகு நன்றாகிக்கொண்டே வந்து, இரண்டாவது முதல் நாலாவது வாரத்துக்குள் திடீரென்று, புரண்டாலே துடிக்கும் அளவுக்கு வலி. இரவில் அதிகம், காய்ச்சல் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். ஜவ்வில் தொற்று ஏறியிருக்கலாம். இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டு ரத்தப் பரிசோதனையும் அன்றே எடுக்க வேண்டும்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ரிவியூ போக வேண்டும். பஸ்ஸா, காரா? ஸ்கூட்டி எப்போது ஓட்டலாம்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

முதல் மாதம் கார். முன் சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, முதலில் பின்புறத்தை வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். சீட்டில் ஒரு பாலிதீன் பையை விரித்தால் வழுக்கிக்கொண்டு திரும்பும், முறுக்க வேண்டியிருக்காது, வண்டி நகருமுன் அதை உருவிவிடுங்கள். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் என்றாலும் நெரிசலில் ஒரு மணி நேரம் இழுக்கும், ரெட்டிச்சாவடியிலோ அரியாங்குப்பத்திலோ இறங்கி ஐந்து நிமிடம் நில்லுங்கள். பஸ் என்றால் பின் சக்கரத்துக்கு மேலும் கடைசி வரிசையிலும் உட்கார வேண்டாம், குலுங்கல் அங்கேதான்.

ஸ்கூட்டி ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து. ஓட்டுவதைவிட ஆபத்து சென்டர் ஸ்டாண்ட் போடுவது. சைடு ஸ்டாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போவது இன்னும் மோசம், வழி முழுக்க இடுப்பு முறுகியே இருக்கும்.

மே முதல் வாரம் ஆபரேஷன் ஆனது. ஜூன் 14-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகு இறங்கும்போது நானும் போகலாமா? நான் வலை இழுக்கிறவன்.
– வாசகர், கடலூர் முதுநகர்

61 நாள் தடை முடிகிறபோது உங்கள் முதுகுக்கு ஆறு வாரம்தான் ஆகியிருக்கும். வலை இழுப்பவருக்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும். ஈரமான வலை, ஆடுகிற படகு, ஒரு பக்கமாகத் திரும்பி எக்கி இழுப்பது; அலையில் வலை தடுக்கி நின்றால் திடீர் வெட்டிழுப்பு வேறு. இதைவிடக் கடினமான வேலை முதுகுக்குக் குறைவு. எஞ்சின் அதிர்வும் ஜவ்வுக்குக் கூடாது.

ஆறாவது வாரத்தில் கரையில் வலை பின்னலாம், கணக்குப் பார்க்கலாம், ஏலத்தில் நிற்கலாம். வலை பின்னுவது தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அல்ல, நாற்காலியில். மீன் கூடை தூக்கக் கூடாது. எட்டாவது வாரத்தில் 5 கிலோ, பத்தில் 10 கிலோ என்று பிசியோதெரபிஸ்ட் பார்க்க ஏற்றுங்கள். அடுத்த தடவை திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் எதுவானாலும் ஏப்ரல் 15-ஐ ஒட்டித் தேதி வாங்குங்கள், கிட்டத்தட்ட ஒன்பது வாரக் கூலி போகாது. மேஜை வேலைக்காரர்கள் மூன்று, நான்கு வாரத்தில் போகலாம், அரை மணிக்கு ஒருமுறை எழ வேண்டும்.

இடுப்பு பெல்ட் எத்தனை நாள்?
– வாசகி, கிருமாம்பாக்கம்

டாக்டர் சொன்னால், பயணத்துக்கும் கூட்டமான இடத்துக்கும் இரண்டு, மூன்று வாரம். தூங்கும்போது கழற்றிவிடுங்கள். பெல்ட் போட்டால் ஜவ்வு சீக்கிரம் ஆறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாதக்கணக்கில் போட்டால் அதை நம்பித் தசை சோம்பேறியாகும். ‘இப்போது குனியக் கூடாது’ என்று நினைவுபடுத்தும், அதுதான் அதன் பெரிய உபயோகம்.

மாமியார் முதுகில் நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறேன் என்கிறார்கள்.
– வாசகி, அரியாங்குப்பம்

தையல் இடத்தில் ஆறு வாரம் எண்ணெய் கூடாது. உருவுதல், சொடுக்கு எடுத்தல், குப்புறப் படுக்க வைத்து மிதித்தல் எப்போதுமே வேண்டாம். பாதத்திலும் கெண்டைக்காலிலும் இதமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், அவங்க மனமும் கோணாது. ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அதுவும் கூடாது.

தாம்பத்திய உறவு?
– பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

நாலு முதல் ஆறு வாரம் கழித்து. ஆபரேஷன் ஆனவர் மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் தலையணையோடு இருப்பதோ இருவரும் ஒருக்களித்திருப்பதோ முதுகுக்குச் சிரமம் தராது. ஆபரேஷனுக்கு முன் இல்லாத மரப்போ விறைப்புக் கோளாறோ இப்போது தெரிந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன நரம்புக் கொத்தின் அறிகுறிகளில் அதுவும் ஒன்று.

தினமும் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். எவ்வளவு போதும்? சூரிய நமஸ்காரம் எப்போது?
– வாசகர், குருசுக்குப்பம்

நடைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. தளம் சமம், மாலையில் வண்டி கிடையாது, உட்கார மதில் இருக்கிறது. முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், நாளுக்கு ஐந்து தடவை. இரண்டாவது, மூன்றாவது வாரம் பத்து முதல் பதினைந்து நிமிடம், மூன்று தடவை. காந்தி சிலையிலிருந்து ஒரு பக்கம் கொஞ்சம் போய்த் திரும்புவது அந்தக் கணக்குக்குச் சரி. ஆறாவது வாரத்தில் ஒரே மூச்சில் அரை மணி. போகும் தூரத்துக்குப் பாதியிலேயே திரும்புங்கள், வலி ஆரம்பித்த பிறகு திரும்பினால் அதே வலியோடு வீடு வரை வர வேண்டும்.

கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது முதல் நாளிலிருந்து, மணிக்குப் பத்து முறை. இரண்டாவது வாரம் மல்லாந்து முழங்கால் மடக்கி, தொப்புளை உள்ளிழுத்து ஐந்து எண்ணும் வரை பிடிப்பது, பத்து முறை. மூச்சை அடக்கக் கூடாது. ஆறாவது வாரத்துக்கு மேல் இடுப்பை மட்டும் தூக்கும் பயிற்சி, நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டும் பயிற்சி. சூரிய நமஸ்காரத்தில் இரண்டு இடத்தில் முழுக் குனிவு இருக்கிறது, ஆறு மாதம் தொடாதீர்கள். பச்சிமோத்தாசனம், ஹலாசனம், சிட்-அப் மூன்றையும் மறந்துவிடுவது நல்லது.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் நடப்பவர்கள் மூன்று மாதம் பொறுக்கட்டும். மெத்து மணலில் பாதம் புதைந்து ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு முறுகும். அலை நனைத்த கெட்டி மணல் சரிவாக இருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே போகும். அப்படி நடந்தால் போன தூரமே திரும்பி வாருங்கள், சரிவு இரண்டு காலுக்கும் சமமாகும். செருப்பைக் கையில் எடுக்க வேண்டியிருந்தால் ஏதாவது பெஞ்சில் உட்கார்ந்து, காலை மேலே கொண்டுவந்து கழற்றுங்கள்.